பட்டாவ கவர்மெண்ட் ரத்து பண்ணிட்டா ஹைகோர்ட் என்ன பண்ணும்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

தமிழ்நாட்டுல தாசில்தாரோ ஆர்டிஓவோ (வருவாய் கோட்டாட்சியர்) டிஆர்ஓவோ (மாவட்ட வருவாய் அலுவலர்) கலெக்டரோ ஒரு பட்டாவ ரத்து பண்ணி ஆர்டர் போட்டா அத மெட்ராஸ் ஹைகோர்ட்ல இல்ல மதுரை பெஞ்ச்ல எப்படி எதிர்க்கிறது, கோர்ட் எதுல தலையிடும் எதுல தலையிடாதுன்னு தான் இங்க பேசப் போறோம். ரொம்ப பேர் கோர்ட்டுக்கு போனா நிலம் யாருதுன்னு தீர்ப்பு வந்துடும்னு நெனச்சு போறாங்க, வேற ஒண்ணு கைல வாங்கிட்டு வந்து குழம்பி நிக்கிறாங்க. அதனால மொதல்லயே விஷயம் தெரிஞ்சுக்கிட்டு போறது நல்லது.

பட்டா ரத்து ஆயிடுச்சு. அப்போ நிலம் கைய விட்டு போயிடுச்சா?

உடனே அப்படி நெனச்சு பயப்படாதீங்க. நீங்க கிரயம் வாங்கின நிலமாவோ பாட்டன் சொத்தாவோ இருந்தா, பட்டாங்கறது வரி வசூல் பண்றதுக்காக ரெவின்யூ டிபார்ட்மெண்ட் வச்சிருக்குற பதிவு தான். உரிமை வர்றது பத்திரத்துல இருந்து, பாகப்பிரிவினைல இருந்து, உயில்ல இருந்து, வாரிசுரிமைல இருந்து. சுப்ரீம் கோர்ட் 1996ல சவர்ணி கேஸ்ல இத தெளிவா சொல்லிடுச்சு, ரெவின்யூ ரெக்கார்ட்ல பேர் மாத்துறதால உரிமை வரவும் வராது போகவும் போகாதுன்னு. 2021ல ஜிதேந்திர சிங் கேஸ்லயும் அதே தான்.

ஆனா ஒரு வகைல இது அப்படியே மாறும். கவர்மெண்ட் இலவசமா குடுத்த வீட்டுமனைப் பட்டா, நிலமில்லாதவங்களுக்கு குடுத்த ஒப்படை நிலம், இதுக்கெல்லாம் மூலமே அந்த ஒப்படை ஆணை தான். வேற பத்திரமே கிடையாது. அந்த ஆணைய ரத்து பண்ணா உரிமையோட வேரையே புடுங்குற மாதிரி. உங்க பட்டா இதுல எந்த வகைன்னு மொத வேலையா பாருங்க, வக்கீல்கிட்ட போறதுக்கு முன்னாடியே.

எதுக்கெல்லாம் ரத்து பண்றாங்க?

அதிகமா வர்றது யுடிஆர் தகராறு. யுடிஆர்ங்கறது 1979ல ஆரம்பிச்சு எண்பதுகள்ல நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். அதுல பழைய பதிவேட்ட எல்லாம் புதுசா எழுதுனாங்க. அப்போ பேரு மாறினது, சப்டிவிஷன் மாறினது, பட்டா நிலம் புறம்போக்குன்னு ஏறினது, புறம்போக்கு பட்டான்னு ஏறினது எல்லாம் உண்டு. இப்போ யாரோ ஒருத்தர் யுடிஆர் தவற திருத்துங்கன்னு மனு குடுப்பார், உங்க பேர எடுத்துட்டு அவர் பேர போட்டுடுவாங்க.

அப்புறம் நீர்நிலை புறம்போக்கு, மேய்க்கால், பாதைன்னு சொல்லி ரத்து. ஒப்படை நிபந்தனைய மீறினதா சொல்லி ரத்து. பஞ்சமி நிலம்னு சொல்லி ரத்து. பொய்யான ஆவணம் குடுத்து வாங்கினதா சொல்லி ரத்து. ஒவ்வொண்ணுக்கும் கோர்ட் அணுகுமுறை வேற வேற, கீழ சொல்றேன்.

ஹைகோர்ட் என்ன தான் பாக்கும்?

அரசியலமைப்பு சட்டம் 226வது பிரிவுல ரிட் மனு போடுறீங்க. பொதுவா கேக்குறது சர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ், அதாவது அந்த ஆர்டர வரவழைச்சு ரத்து பண்ணிட்டு, அதிகாரிய இத செய்னு உத்தரவு போடுங்கன்னு கேக்குறது. அங்க ஜட்ஜ் பாக்குறது நிலம் யாருதுங்கறத இல்ல. இந்த அதிகாரிக்கு இந்த ஆர்டர் போட சட்டத்துல அதிகாரம் இருக்கா, நோட்டீஸ் குடுத்தாரா, நீங்க சொன்னத கேட்டாரா, காரணம் எழுதினாரா, சம்பந்தமே இல்லாத விஷயத்த வச்சு முடிவு எடுத்தாரா, எத்தன வருஷம் கழிச்சு எடுத்தாரு. இவ்ளோ தான்.

அதனால "என் தாத்தா 1950ல வாங்கினார், சாட்சி இருக்கு"ன்னு பத்து பக்கம் எழுதிட்டு, நோட்டீஸ் வரலங்கறத ஒரே வரில எழுதினா மனுவோட பலம் போயிடும். தாத்தா கதைய சுருக்கமா சொல்லுங்க, அதிகாரி என்ன பண்ணார் என்ன பண்ணலங்கறத தேதியோட விரிவா சொல்லுங்க.

சொத்துரிமை 44வது திருத்தத்துக்கு அப்புறம் அடிப்படை உரிமை இல்லாம போச்சு, ஆனா 300ஏ பிரிவுல அரசியலமைப்பு உரிமையா இருக்கு. சட்டத்தோட அதிகாரம் இல்லாம யாரோட சொத்தையும் எடுக்கக் கூடாது. 2024ல கொல்கத்தா மாநகராட்சி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இந்த 300ஏக்குள்ள நோட்டீஸ் பெறுற உரிமை, ஆட்சேபணைய கேக்க வைக்கிற உரிமை, காரணத்தோட முடிவு பெறுற உரிமைன்னு ஏழு உரிமைய எடுத்து சொல்லிச்சு. அது நிலம் எடுப்பு கேஸ் தான், இருந்தாலும் நம்ம மனுலயும் அத காட்டலாம்.

நோட்டீஸே குடுக்காம ரத்து பண்ணிட்டாங்க. இது ஒண்ணு போதுமா?

ரொம்ப கேஸ்ல இது தான் ஜெயிக்க வைக்கிற பாயிண்ட். தமிழ்நாடு பட்டா பாஸ் புக் சட்டம் 1983ல 10வது பிரிவே சொல்லுது, பதிவ மாத்துறதுக்கு முன்னாடி சம்பந்தப்பட்டவங்களுக்கு வாய்மொழியாவோ எழுத்துலயோ சொல்ல நியாயமான வாய்ப்பு குடுக்கணும்னு. சட்டத்துல எழுதாம இருந்தாலும் இயற்கை நீதிங்கற கொள்கைப்படி குடுத்தே ஆகணும்.

ஆனா அதிகாரி தரப்புல நோட்டீஸ் சார்பு செஞ்சோம்னு, அதாவது உங்ககிட்ட சேர்த்துட்டோம்னு, ஒரு பேப்பர காட்டுவாங்க. அத கவனமா பாருங்க. செத்துப் போனவர் பேர்ல நோட்டீஸ் போயிருக்கும். ஊர்ல இல்லாதவருக்கு பழைய முகவரில போயிருக்கும். கதவுல ஒட்டினதா எழுதியிருக்கும், ஒட்டினப்போ கையெழுத்து போட்ட சாட்சி ரெண்டு பேர் யாருன்னு பாத்தா எதிர்மனுதாரரோட சொந்தக்காரங்களா இருப்பாங்க. நோட்டீஸ் வந்த தேதிக்கும் விசாரணை தேதிக்கும் நடுவுல ஒரு நாள் கூட இருக்காது. இல்லன்னா நோட்டீஸ்ல "நில சம்பந்தமா விசாரணை, ஆவணங்களுடன் ஆஜராகவும்"னு மட்டும் இருக்கும், பட்டாவ ரத்து பண்ணப் போறோம், இன்ன காரணத்துக்குன்னு ஒரு வார்த்தை இருக்காது. எதுக்கு பதில் சொல்லணும்னே தெரியாத நோட்டீஸ் நோட்டீஸே கிடையாது, இத மனுல அழுத்தி சொல்லணும். எதிர்மனு காப்பி, சர்வேயர் ரிப்போர்ட், விஏஓ அறிக்கை எதுவும் உங்களுக்கு குடுக்காம அத வச்சே முடிவு பண்ணியிருந்தா அதுவும் தப்பு.

இன்னொண்ணு பலர் கவனிக்காம விடுறது. விசாரிச்ச டிஆர்ஓ மாறுதல்ல போயிடுவார், புதுசா வந்தவர் உங்கள கூப்பிடாமலே ஃபைல பாத்து ஆர்டர் போட்டுடுவார். கேட்டவர் தான் தீர்மானிக்கணும்னு 1958லயே குல்லபள்ளி நாகேஸ்வர ராவ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. விசாரணை தேதி என்ன, அன்னைக்கு அந்த சீட்ல யார் இருந்தாங்க, ஆர்டர்ல கையெழுத்து யாருதுன்னு ஒப்பிட்டு பாருங்க.

ஒரு எச்சரிக்கை. 2020ல சுதீர் குமார் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், நோட்டீஸ் இல்லங்கறது மட்டும் போதாது, அதனால உனக்கு என்ன பாதிப்புன்னு காட்டணும்னு சொல்லிடுச்சு. அதனால அஃபிடவிட்ல "எனக்கு நோட்டீஸ் வந்திருந்தா 1968ம் வருஷ கிரய பத்திரத்தையும் பழைய ஏ ரிஜிஸ்டர் (அ பதிவேடு, கிராமத்து சர்வே எண் விவரப் பதிவேடு) நகலையும் காட்டியிருப்பேன், அத பாத்திருந்தா இந்த முடிவு வந்திருக்காது"ன்னு உங்க ஆவணத்த பேர் சொல்லி எழுதுங்க. வெறும் "இயற்கை நீதி மீறல்"னு எழுதி விட்டுடாதீங்க.

ஆர்டர்ல காரணமே எழுதல, நாலு வரி தான் இருக்கு. அது செல்லுமா?

இந்த மாதிரி ஆர்டர் எப்படி இருக்கும்னு பாத்தவங்களுக்கு தெரியும். மேல "செயல்முறைகள்", ந.க. எண், நாள். அப்புறம் "பார்வை"ன்னு போட்டு ஒண்ணு மனுதாரர் மனு, ரெண்டு விஏஓ அறிக்கை, மூணு மண்டல துணை வட்டாட்சியர் பரிந்துரை. கீழ "பார்வை 1ல் காணும் மனுவினை பரிசீலித்ததில், பார்வை 3ல் கண்ட பரிந்துரையின் அடிப்படையில் பட்டா எண் இன்னது ரத்து செய்யப்படுகிறது". முடிஞ்சுது. உங்க பத்திரத்த பத்தி ஒரு சொல் இல்ல, நீங்க குடுத்த பதில் மனுவ பத்தி இல்ல. ஒரு குடும்பம் அம்பது வருஷமா உழுதுட்டு இருந்த நிலத்த இந்த நாலு வரில முடிச்சுட்டாங்களேன்னு படிக்கிறப்போ மனசு கொதிக்கும், ஆனா உங்க கேஸுக்கு பலமும் அங்க தான் இருக்கு. யோசிச்சு எடுத்த முடிவுன்னு காட்ட அந்த பேப்பர்ல ஒண்ணும் இல்ல.

அப்புறம் கவுண்டர் அஃபிடவிட்ல (கோர்ட்ல குடுக்குற பதில் மனு) கவர்மெண்ட் பதினஞ்சு பக்கம் புதுசா காரணம் எழுதும், நிலம் ஓடை புறம்போக்கு, பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர்ல இப்படி இருக்குன்னு. அத ஏத்துக்கக் கூடாது. 1977ல மொஹிந்தர் சிங் கில் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் போட்ட விதி இது, ஆர்டர் நிக்கிறதா விழுறதான்னு ஆர்டர்ல எழுதின காரணத்த வச்சு தான் பாக்கணும், பின்னாடி அஃபிடவிட்ல புது காரணம் சேர்த்து முட்டுக் குடுக்க முடியாது. உங்க வக்கீலுக்கு இது தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் கவுண்டர் வந்ததும் ஆர்டரையும் கவுண்டரையும் பக்கத்துல வச்சு எது புதுசுன்னு நீங்களே கோடு போட்டு குடுத்தா அவருக்கு வேலை சுலபம்.

ஆன்லைன்ல பாத்தா பேரே மாறிடுச்சு, ஆர்டர்னு எதுவும் வரல. என்ன பண்றது?

இது இப்போ அடிக்கடி நடக்குது, தமிழ்நிலம் கம்ப்யூட்டர் பதிவுல திடீர்னு வேற பேர் ஏறி இருக்கும். மொதல்ல சிட்டா, அ பதிவேடு ரெண்டையும் அன்னைக்கே டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க. தாலுகா ஆபீஸ் பொது தகவல் அலுவலருக்கு ஆர்டிஐ மனு, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எந்த உத்தரவு எண்படி மாத்துனீங்க, அந்த உத்தரவு நகல், நோட்டீஸ் சார்பு செஞ்ச ஆதாரம், விஏஓ அறிக்கை நகல் எல்லாம் கேளுங்க. 30 நாள்ல பதில் தரணும். உத்தரவே இல்லன்னு பதில் வந்தா அத விட பலமான ஆதாரம் வேற எதுவும் வேணாம். பதிலே வரலன்னாலும் கேட்டதுக்கு ஆதாரம் இருக்கும், கோர்ட்ல ஃபைல வரவழைங்கன்னு கேக்கலாம்.

அப்பீல் போகாம நேரா ஹைகோர்ட் போலாமா?

தாசில்தார் ஆர்டர்னா பட்டா பாஸ் புக் சட்டம் 12வது பிரிவுல ஆர்டிஓகிட்ட அப்பீல், அதுக்கு மேல 13வது பிரிவுல டிஆர்ஓகிட்ட ரிவிஷன் (மறுஆய்வு). ஹைகோர்ட் பொதுவா மொத கேள்வியா இதத் தான் கேக்கும், அப்பீல் வழி இருக்கே ஏன் போகலன்னு. மனுவ அப்பவே முடிச்சு "அப்பீல் போட்டுக்கோ, இத்தன வாரத்துல முடிக்கணும்"னு அனுப்பிடவும் செய்யும்.

விதிவிலக்கு இருக்கு. 1998ல வேர்ல்பூல் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, அடிப்படை உரிமை மீறல், இயற்கை நீதி மீறல், அதிகாரமே இல்லாம போட்ட ஆர்டர், இல்ல அந்த சட்டமே செல்லுமாங்கற கேள்வி, இந்த மாதிரி நேரத்துல மாற்று வழி இருந்தாலும் ரிட் கேக்கலாம். நோட்டீஸே இல்லன்னா நேரா போறதுல நியாயம் இருக்கு. நோட்டீஸ் வந்து, நீங்களும் ஆஜராகி, அதிகாரி காரணம் எழுதி, அந்த காரணம் தப்புன்னு மட்டும் தான் உங்க வாதம்னா அப்பீல் தான் சரி. என்ன கேட்டா, சந்தேகமா இருந்தா அப்பீல் போட்டுடுங்கன்னு தான் சொல்வேன். கெடு தாண்டிட்டு ரிட்டும் தள்ளுபடி ஆனா ரெண்டு கதவும் மூடிக்கும். டிஆர்ஓ ரிவிஷன் முடிஞ்ச பிறகு வர்றவங்களுக்கு இந்த தடை கிடையாது, அவங்களுக்கு மிச்சம் இருக்குறது ரிட்டும் சிவில் கோர்ட்டும் தான்.

பக்கத்து நிலத்துக்காரர் மனுல தாசில்தாரே இது அவர் நிலம்னு முடிவு பண்ணிட்டார். அவருக்கு அந்த அதிகாரம் இருக்கா?

இல்ல. உரிமைல நிஜமான தகராறு இருக்குன்னு தெரிஞ்சா, ரெண்டு தரப்பையும் சிவில் கோர்ட்டுக்கு போய் தீர்ப்பு வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டு பதிவ தொடாம விடணும், பட்டா பாஸ் புக் விதிகள் 1987ல 4வது விதி இத தான் சொல்லுது. 2011ல விஷ்வாஸ் ஃபுட்வேர் கேஸ்ல மெட்ராஸ் ஹைகோர்ட் டிவிஷன் பெஞ்ச் (ரெண்டு ஜட்ஜ் சேர்ந்த பெஞ்ச்) இத உறுதியா சொன்னதுக்கு அப்புறம் நூத்துக்கணக்கான மனுல இத காட்டி ஜெயிக்கிறாங்க. உயில் உண்மையா பொய்யா, தத்து செல்லுமா, பாகப்பிரிவினை நடந்துச்சா இல்லையா, இதையெல்லாம் தாலுகா ஆபீஸ்ல வச்சு தீர்க்க முடியாது, சாட்சிய கூண்டுல ஏத்தி குறுக்கு விசாரணை பண்ண வேண்டிய விஷயம். ஆனா இது ரெண்டு பக்கமும் வெட்டும். நீங்க பட்டா கேட்டு போனப்பவும் இதே பதில் வரும்.

30 வருஷம் கழிச்சு வந்து பட்டா செல்லாதுன்னு சொல்றாங்க. சொல்லலாமா?

சட்டத்துல கெடு எழுதலன்னாலும் நியாயமான காலத்துக்குள்ள தான் அந்த அதிகாரத்த பயன்படுத்தணும். 1969ல குஜராத் அரசுக்கும் பாட்டீல் ராகவ் நாதாவுக்கும் நடந்த கேஸ்ல, கலெக்டர் குடுத்த நில அனுமதிய கமிஷனர் ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு ரத்து பண்ணத சுப்ரீம் கோர்ட் தாமதம்னு தூக்கி போட்டுச்சு. ஒரு வருஷத்துக்கே அப்படி. 2015ல ரங்காரெட்டி ஜாயிண்ட் கலெக்டர் கேஸ்ல சுமார் அம்பது வருஷம் கழிச்சு ரெவின்யூ பதிவ திருத்த நோட்டீஸ் குடுத்தத ரத்து பண்ணாங்க. மோசடின்னு சொன்னா கூட மோசடி தெரிய வந்ததுல இருந்து நியாயமான காலத்துக்குள்ள நடவடிக்கை எடுக்கணும்னு அதுலயே சொல்லியிருக்காங்க.

அந்த முப்பது வருஷத்துல நீங்க என்ன பண்ணீங்கங்கறது இங்க முக்கியம். கிணறு வெட்டினது, கரண்ட் கனெக்‌ஷன், வீடு கட்ட அப்ரூவல், பேங்க் லோன், கிஸ்தி ரசீது, இதெல்லாம் கவர்மெண்ட்டுக்கு தெரிஞ்சே நடந்ததுன்னு காட்டுங்க.

ஒப்படை பட்டா. நிபந்தனைய மீறிட்டேன்னு ரத்து பண்றாங்க.

ஒப்படை ஆணைய எடுத்து அதுல எழுதியிருக்குற நிபந்தனைய வரி வரியா படிங்க. இத்தன வருஷத்துக்கு விக்கக் கூடாது, இத்தன காலத்துக்குள்ள சாகுபடி பண்ணணும், வீடு கட்டணும்னு இருக்கும். எந்த நிபந்தனைய எப்போ மீறினீங்கன்னு நோட்டீஸ்ல இருக்கணும். வீடு கட்டலன்னு ரத்து பண்றாங்க, ஆனா நிலத்த அளந்து காட்டவே இல்லன்னா கட்டுறது எங்க? பேப்பர குடுத்துட்டு இடத்த காட்டாம விட்ட கதை எத்தனையோ ஊர்ல இருக்கு. நிலத்த அளந்து குடுங்கன்னு நீங்க குடுத்த பழைய மனு ரசீது, கலெக்டர் ஆபீஸ் மனுநீதி நாள் சீட்டு எல்லாம் தேடி எடுங்க, தூக்கிப் போட்டுடாதீங்க.

பஞ்சமி நிலம்னு சொல்லி ரத்து பண்றது?

இது வேற. செங்கல்பட்டு கலெக்டரா இருந்த டிரெமென்ஹீர் 1891ல குடுத்த அறிக்கைய வச்சு பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு குடுத்த நிலம், மெட்ராஸ் மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர்னு சொல்லப்படுது. பத்து வருஷம் யாருக்கும் விக்கக் கூடாது, அதுக்கு அப்புறமும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டும் தான் மாத்தலாம்ங்கறது நிபந்தனை. அந்த நிலத்த வேற சமூகத்தார் வாங்கி பட்டாவும் மாத்திக்கிட்டு அத ரத்து பண்ணா, கோர்ட் நடைமுறை ஒழுங்கா இருந்துச்சான்னு பாக்கும், ஆனா நிபந்தனைய மீறி வாங்கினவருக்கு பெருசா பரிவு காட்டாது. அப்படி இருக்குறது தான் சரின்னு நான் நம்புறேன். நூறு வருஷத்துக்கு முன்னாடி கிடைச்ச நிலத்த அடிமாட்டு விலைக்கும் கடனுக்கும் மிரட்டலுக்கும் இழந்தவங்க பேரப் பிள்ளைங்க இன்னைக்கும் மனு எழுதிக்கிட்டு தான் இருக்காங்க.

அந்த குடும்பங்களுக்கும் ரிட் வழி திறந்து தான் இருக்கு. நிலத்த மீட்டுக் குடுங்கன்னு மனு குடுத்து அதிகாரி கண்டுக்காம விட்டா, இத்தன நாள்ல விசாரிச்சு முடிவு எடுன்னு மாண்டமஸ் கேக்கலாம். பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர், அ பதிவேட்டுல டி.சி. நிலம்னு (ஒடுக்கப்பட்ட வகுப்பார் நிலம்) குறிச்சிருக்குற பக்கத்தோட சர்டிஃபைட் காப்பி தான் இதுல உயிர்.

ஏரி புறம்போக்குன்னு சொல்றாங்க, ஆனா எங்ககிட்ட பட்டா இருக்கு.

இதுல நம்பிக்கை குடுத்து உங்கள ஏமாத்த விரும்பல. 2001ல ஹிஞ்ச் லால் திவாரி, 2011ல ஜக்பால் சிங், ரெண்டுலயும் சுப்ரீம் கோர்ட் குளம், பொது நிலம் விஷயத்துல கடுமையா நின்னுச்சு. மெட்ராஸ் ஹைகோர்ட் 2005ல எல். கிருஷ்ணன் கேஸ்ல இருந்தே நீர்நிலைய மீட்கணும்னு சொல்லிட்டு வருது, 2007ல ஏரிகள் பாதுகாப்பு சட்டமும் வந்துச்சு. நிலம் நிஜமாவே நீர்நிலைன்னா பட்டா தப்பா குடுத்ததுன்னு தான் கோர்ட் பாக்கும். மழை வந்தா தண்ணி போக இடம் இல்லாம ஊரே முழுகுறத பாத்தவங்க கோர்ட்ட குறை சொல்ல முடியாது. உங்க கேள்வி ஒண்ணு தான், உங்க சர்வே எண் உண்மைலயே அந்த நீர்நிலைக்குள்ள வருதா, இல்ல பக்கத்து சர்வே எண்ண வச்சு உங்களையும் சேர்த்துட்டாங்களா? எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வே எண்ணோட அளவு வரைபடம்), உங்க முன்னாடி நடந்த அளவை, இத கேளுங்க. அளவை நோட்டீஸ் இல்லாம அளந்திருந்தா திரும்ப அளக்க உத்தரவு வாங்க வாய்ப்பு உண்டு.

ரத்து பண்ண கையோட காலி பண்ணுன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க.

நில ஆக்கிரமிப்பு சட்டம் 1905ல மொதல்ல 7வது பிரிவு நோட்டீஸ், உங்க விளக்கம், அப்புறம் தான் 6வது பிரிவு நோட்டீஸ். இந்த வரிசைய தாண்டி போனா கோர்ட் தடுக்கும். அதோட 1982ல தும்மல கிருஷ்ணா ராவ் கேஸ்ல, ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழக நிலம் சம்பந்தமா, நிஜமான உரிமைத் தகராறு இருக்குற நிலத்துல இந்த அவசர வெளியேத்துற சட்டத்த கவர்மெண்ட் பயன்படுத்த முடியாது, சிவில் கோர்ட்டுக்கு தான் போகணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஜேசிபி வர்றதுக்குள்ள ஸ்டே வேணும்னா அவசர மனுவா மென்ஷன் பண்ண, அதாவது உடனே எடுங்கன்னு ஜட்ஜ்கிட்ட கேக்க, வக்கீல்கிட்ட சொல்லுங்க. வீட்டுல இருக்குறது, பயிர் நிக்கிறது இதோட இன்றைய தேதி போட்டோ வச்சுக்கோங்க.

பட்டா இல்ல, பத்திரத்தையே மாவட்ட பதிவாளர் ரத்து பண்ணிட்டார்.

2022ல தமிழ்நாடு அரசு பதிவுச் சட்டத்துல 77ஏன்னு ஒரு பிரிவ சேர்த்துச்சு, போலி பத்திரத்த மாவட்ட பதிவாளரே ரத்து பண்ணலாம்னு. நோக்கம் நல்லது தான், ஆனா கோர்ட் செய்ய வேண்டிய வேலைய அதிகாரிகிட்ட குடுத்த மாதிரி ஆச்சு. 2024ல மெட்ராஸ் ஹைகோர்ட் டிவிஷன் பெஞ்ச் அந்த பிரிவு செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்துடுச்சு. உங்க பத்திரம் இந்த பிரிவுல ரத்தாகி இருந்தா ஆர்டர் காப்பியோட வக்கீல உடனே பாருங்க.

எத்தன நாளுக்குள்ள ரிட் போடணும்?

சட்டத்துல கெடு கிடையாது, ஆனா தாமதம் கேஸ கெடுக்கும். ஆர்டர் கைக்கு வந்த சில வாரத்துல போட்டுடுங்க. லேட் ஆனா ஏன் லேட்னு தேதியோட சொல்லணும், ஆர்டர் காப்பி எப்போ கிடைச்சுது, அதுவரைக்கும் எப்படி தெரியாம போச்சுன்னு. நடுவுல எதிராளி நிலத்த மூணாவது ஆளுக்கு வித்துட்டா சிக்கல் இன்னும் கூடும்.

ரிட்ல ஜெயிச்சா பட்டா திரும்ப வந்துடுமா?

பெரும்பாலும் வர்ற தீர்ப்பு, "ஆர்டர் ரத்து, மனுதாரருக்கு நோட்டீஸ் குடுத்து இத்தன வாரத்துல புதுசா விசாரிச்சு முடிவு எடுக்கணும்". அதாவது திரும்பவும் அதே ஆபீஸ். இத கேட்டதும் பலர் சோர்ந்து போறாங்க. ஆனா ரத்து ஆர்டர் போச்சுன்னா பழைய நிலைமை திரும்பணும், அதனால கம்ப்யூட்டர் பதிவுலயும் பழைய பேர் திரும்ப ஏத்தணும்னு மனுலயே தனியா கேளுங்க. கேக்காம விட்டா ஆர்டர் ரத்தாகி, ஆன்லைன்ல எதிராளி பேரே நின்னுட்டு இருக்கும், அவர் அத வச்சே வித்துடுவார். அதிகாரிக்கு அதிகாரமே இல்ல, இல்ல ரொம்ப தாமதம்ங்கற காரணத்துல ஜெயிச்சா மட்டும் திரும்ப விசாரணைக்கு போகாம அதோட முடியும்.

தனி நீதிபதி தீர்ப்பு பாதகமா வந்தா டிவிஷன் பெஞ்சுக்கு ரிட் அப்பீல், 30 நாள். எதிராளி அப்பீல் போவார்னு தோணிச்சுன்னா கேவியட் (என்ன கேக்காம உத்தரவு போடாதீங்கன்னு முன்னாடியே குடுக்குற மனு) போட்டு வைங்க.

சிவில் கேஸும் போடணுமா?

உரிமைல தகராறு இருந்தா கண்டிப்பா. பட்டா பாஸ் புக் சட்டம் 14வது பிரிவு, பட்டா பதிவ மாத்துன்னு கவர்மெண்ட் மேல சிவில் கேஸ் போட முடியாதுன்னு சொல்லுது, ஆனா உங்க உரிமைய மறுக்குறவர் மேல உரிமை விளம்புகைக்கு (உரிமை உங்களுதுன்னு கோர்ட் அறிவிக்கக் கேக்குறது) போடலாம், அந்த கோர்ட் தீர்ப்பாணைப்படி பதிவ மாத்தியே ஆகணும். விளம்புகை கேஸுக்கு மூணு வருஷம் கெடு. கவர்மெண்ட்டையும் சேர்க்கணும்னா சிவில் நடைமுறைச் சட்டம் 80வது பிரிவு நோட்டீஸ் குடுத்து ரெண்டு மாசம் காத்திருக்கணும், அவசரம்னா கோர்ட் அனுமதி வாங்கிக்கலாம். ரிட் நடக்குறப்போ அந்த மூணு வருஷம் ஓடிட்டே இருக்குங்கறத யாரும் உங்களுக்கு ஞாபகப்படுத்த மாட்டாங்க. ரிட்ட மட்டும் நம்பி அஞ்சு வருஷம் காத்திருந்து, கடைசில "சிவில் கோர்ட்டுக்கு போ"ன்னு சொல்லி கெடுவும் முடிஞ்சு நிக்கிற நிலைமை ரொம்ப கொடுமை.

வக்கீலுக்கு குடுக்க காசு இல்ல.

சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம் 1987ல 12வது பிரிவுப்படி பெண்கள், எஸ்சி எஸ்டி மக்கள், மாற்றுத்திறனாளிகள் இவங்களுக்கு வருமானம் பாக்காமலே இலவச வக்கீல் உண்டு, மத்தவங்களுக்கு வருமான வரம்பு இருக்கு. ஹைகோர்ட் சட்டப் பணிகள் குழு சென்னைலயும் இருக்கு மதுரைலயும் இருக்கு. தாலுகா அளவுல இருக்குற குழுல மனு குடுத்தா அவங்களே அனுப்பி வைப்பாங்க.

திரும்ப விசாரணைக்கு கூப்பிட்டிருக்காங்க. அன்னைக்கு என்ன பண்ணணும்?

வாய்ல பேசிட்டு வந்துடாதீங்க. உங்க பதில எழுதி, ஆவணத்துக்கு நம்பர் போட்டு பட்டியல் வச்சு, ரெண்டு செட் எடுத்துட்டு போங்க. ஒரு செட்ட குடுத்துட்டு இன்னொண்ணுல ஆபீஸ் சீல், தேதி, கையெழுத்து வாங்குங்க. சீல் போட மாட்டேன்னா அன்னைக்கே ஸ்பீட் போஸ்ட்ல, போய் சேர்ந்ததுக்கு ஆதாரம் கிடைக்கிற மாதிரி பதிவு பண்ணி அனுப்புங்க. எதிராளி குடுத்த ஆவண நகல எழுத்துல கேளுங்க, குடுக்கலன்னா குடுக்கலன்னு அந்த மனுலயே எழுதுங்க. ஹைகோர்ட் ஆர்டர் காப்பிய மேல வைங்க. வெத்துப் பேப்பர்லயோ "விசாரணை முடிந்தது, சொல்ல வேறு ஏதும் இல்லை"ன்னு முன்னாடியே டைப் அடிச்சு வச்ச வாக்குமூலத்துலயோ கையெழுத்து போடாதீங்க, படிச்சு பாத்து நீங்க சொன்னது அதுல இருந்தா மட்டும் போடுங்க. வெளிய வந்ததும் யார் விசாரிச்சாங்க, எத்தன மணிக்கு, என்ன கேட்டாங்கன்னு ஒரு நோட்டுல எழுதிடுங்க. மறுபடி ஹைகோர்ட்டுக்கு போக வேண்டி வந்தா அஃபிடவிட்டுக்கு அந்த நோட்டு தேவைப்படும்.